ஒரு டி-ஷர்ட்டின் நிறத்துக்கு யார் விலை கொடுப்பது? திருப்பூரும் நொய்யலும் சொல்லும் கதை

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். எத்தனை சதவிகிதம் பருத்தி, எந்த நாட்டில் தயாரானது, எப்படித் துவைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கறுப்பு நிறம் ஏறுவதற்கு எவ்வளவு உப்பு செலவானது, அந்த உப்பு கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் இருக்காது.

அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் திருப்பூருக்குத்தான் போக வேண்டும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ஊரில் இருந்து போகிறது. 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி மதிப்பு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். நேரடியாக மட்டும் 6 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் என்பது தொழில்துறையினரின் மதிப்பீடு. தேனி, ராமநாதபுரத்தில் இருந்தும் ஒடிசா, பீகாரில் இருந்தும் பெட்டியோடு வந்து இறங்குபவர்களுக்கு, 'பனியன் கம்பெனியில் வேலை' என்ற வார்த்தைதான் குடும்பத்தின் நம்பிக்கை.

இதே ஊரின் நடுவில்தான் நொய்யல் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் ஆற்றின் பெயரையே தாங்கிய நொய்யல் என்ற ஊரில் காவிரியோடு கலக்கும் ஆறு. சென்னிமலைக்கு அருகே இதன் கரையில் இருக்கும் கொடுமணலில் தோண்டியபோது, 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கல்மணிகளும் இரும்பும் செய்து தொலைதூர நாடுகளோடு வணிகம் நடத்தியதற்கான தடயங்கள் கிடைத்தன. ஆக, இந்த ஆற்றங்கரைக்கு ஏற்றுமதி புதிதில்லை. ஏற்றுமதியால் ஆறே நாசமானதுதான் புதிது.

வெள்ளை பனியன் இருந்தவரை...

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பல ஆண்டுகள் அது உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்தான். துணியை வெளுக்கும் சலவைப்பட்டறைகள் இருந்தன. அவற்றாலும் மாசு உண்டு. ஆனாலும் ஆறு ஓரளவு தாங்கியது.

1970-களின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வெள்ளை டி-ஷர்ட் கேட்டவர்கள், அடுத்து கலர் கேட்டார்கள். சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஆர்டர் மாற மாற, சாயப்பட்டறைகள் முளைத்தன. 1981-ல் திருப்பூர்ப் பகுதியில் இருந்த சாய, சலவைப்பட்டறைகள் 68. 1991-ல் 450. 1997-ல் 866.

இத்தனைக்கும் 1989-லேயே, முக்கிய ஆறுகள், நீர்நிலைகளில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு உண்டாக்கும் புதிய ஆலைகள் கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டிருந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது. பட்டறைகள் கரையில் இருந்தன.

இதைப் 'பேராசை' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. சாயப்பட்டறை முதலாளிகளில் பெரும்பாலானவர்கள் பெரிய பணக்காரர்களாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இல்லை. நிலத்தை விற்றோ, கூட்டு சேர்ந்தோ, ஜாப் வொர்க் எடுத்துச் செய்தவர்கள். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசி, துணியை வாங்கிச் சாயம் ஏற்றித் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஏற்றுமதியாளர் கொடுக்கும் கூலியில் கழிவுநீருக்கு என்று தனியாக ஒரு பைசாவும் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் குறைவாகக் கேட்டால் ஆர்டர் அங்கே போய்விடும். இப்படி ஒவ்வொருவரும் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்தார்கள். எல்லாம் சேர்ந்து ஆற்றில் போய் விழுந்தது.

சிக்கல் சாயத்தில் மட்டும் இல்லை, உப்பில்!

சாயக்கழிவு என்றாலே சிவப்பாகவோ நீலமாகவோ ஓடும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். பார்ப்பதற்கு அதிர்ச்சியாக இருந்தாலும், நிறத்தை நீக்க வழி இருக்கிறது. நிஜமான வில்லன் கண்ணுக்குத் தெரியாது.

பருத்தித் துணியும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும் தன்மை கொண்டவை. இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டிருப்பதுதான் காரணம். நடுவில் உப்பைப் போட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணியில் போய் ஒட்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரை தேவைப்படும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. அப்படியானால், கறுப்பு டி-ஷர்ட் ஊறும் தண்ணீர் கடலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உப்பு!

இதில் முக்கியமான விஷயம், உப்பு துணியில் தங்குவதே இல்லை. வேலையை முடித்துவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வருகிறது. அதன் பிறகு துணியைப் பலமுறை அலசுகிறார்கள். வெளுப்பது முதல் கடைசி அலசல் வரை ஒரு கிலோ துணிக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும்.

1990-களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு, ரசாயனங்கள் போட்டு நிறத்தையும் கசடையும் பிரித்தார்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்தது. ஆனால், கரைந்த உப்பு அப்படியே இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கலக்கி எத்தனை முறை வடிகட்டினாலும் உப்பு போகாது அல்லவா, அதே கதைதான். ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவைப் பழைய முறையால் எட்டவே முடியவில்லை.

வற்றாத ஆறாக இருந்தால் வெள்ளம் உப்பை அடித்துக்கொண்டு போயிருக்கும். நொய்யல் மழைக்கால ஆறு. மழை இல்லாத மாதங்களில் அதில் ஓடியது பட்டறைகளின் கழிவும் கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடையும்தான்.

விவசாயிகளே வேண்டாம் என்று சொன்ன அணை

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. ஏறக்குறைய 16 கோடி ரூபாய் செலவில் கட்டி, 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது திட்டம். மானாவாரி நிலத்தையும் மேய்ச்சல் காட்டையும் நம்பியிருந்த மக்களுக்கு அது பெரிய கனவு.

அணை நிரம்பியது. ஆனால் நிரம்பியது சாயக்கழிவு. தேங்கி நின்ற உப்புநீர் நிலத்துக்குள் இறங்க, சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் கெட்டன. வாய்க்காலில் விட்ட தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் கருகியது. தென்னையில் காய்ப்பு குறைந்தது. மாடுகள் வாய் வைக்கவில்லை. கிணறு இருந்தும் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நிலைமை பெண்களுக்கு வந்தது.

தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று போராடும் விவசாயிகளைத் தமிழகம் பார்த்திருக்கிறது. தண்ணீரைத் திறக்காதீர்கள், இந்த அணையில் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் போராடியது இங்கேதான்.

வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்குமான மோதல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரத்துப்பாளையத்தில் அது வேறு மாதிரி தெரிந்தது. ஒரு தொழில் வளர்ந்து இன்னொரு தொழில் அழிந்தது. துணிக்குச் சாயம் ஏற்றிய செலவில் ஒரு பங்கை, அந்தத் துணியோடு சம்பந்தமே இல்லாத ஒரு விவசாயி தன் கிணற்றாலும் மண்ணாலும் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்றுமதிக் கணக்கில் அந்தத் தொகை எங்கேயும் வரவில்லை, அவ்வளவுதான்.

நீதிமன்றம் போட்ட கணக்கு

இதே காலத்தில் பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளால் இதே கதை நடந்துகொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதற்காக ஒரு தொழில் சூழலை அழிக்க உரிமை கிடையாது, மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அன்று உறுதியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டைக் கணக்கிட தனி ஆணையமும் வந்தது. நொய்யல் விவசாயிகளுக்கும் பின்னர் இழப்பீடு நிர்ணயித்தது அந்த ஆணையம்தான்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை, அதாவது திருப்பூர்க்காரர்கள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று சொல்லும் முறையை, எட்டியாக வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். 6 பைசாவில் தொடங்கி, 8 பைசா, 10 பைசா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை ஏறும்.

6 பைசா சிறிய தொகையாகத் தெரியலாம். ஒரு கிலோ துணிக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 3 ரூபாய் 60 பைசா. கூலிக்கு வேலை செய்யும் பட்டறைக்கு அது சின்னத் தொகை இல்லை. அதற்கும் மேலாக, ஆற்றில் ஊற்றுவதற்கு ஒரு விலை உண்டு என்று முதன்முறையாகக் கணக்குப் போட்டுச் சொன்னது அந்தத் தீர்ப்பு.

சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்று, மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்தும் கழிவு நிற்கவில்லை.

2011 ஜனவரி 28

அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம், திருப்பூரின் சாய, சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

சாயம் ஏற்றாமல் துணி இல்லை. துணி இல்லாமல் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லாமல் டைலருக்கு, செக்கிங் செய்யும் பெண்களுக்கு, பேக்கிங் ஆட்களுக்கு வேலை இல்லை. சாயத்துக்காக வெளி மாவட்டங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் லாரியில் துணி போய்த் திரும்பியது. செலவு கூடியது, ஆர்டர் தாமதமானது. வெளியூர்த் தொழிலாளர்கள் பலர் சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள். ஆற்றைக் கெடுத்ததில் எந்தப் பங்கும் இல்லாத வாரக்கூலித் தொழிலாளிக்கு முதல் அடி விழுந்தது.

ஒரு பக்கம் கெட்டுப்போன கிணற்றோடு 20 ஆண்டுகள் காத்திருந்த விவசாயி. இன்னொரு பக்கம் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளி. இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தும் நிலைமையை 1989-லேயே தவிர்த்திருக்கலாம் என்பதுதான் உண்மை. பட்டறைகள் நூற்றுக்குள் இருந்தபோதே இடமும் சுத்திகரிப்பும் முடிவாகியிருந்தால், 700 பட்டறைகளை ஒரே நாளில் பூட்டும் அவசியம் வந்திருக்காது.

உப்பைப் பிடித்தது எப்படி?

அதற்குப் பிறகு நடந்ததுதான் திருப்பூரை மற்ற ஊர்களில் இருந்து வேறுபடுத்துகிறது. தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிபுணர்கள் பரிசோதனைகள் செய்தார்கள். பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. பெரிய ஆலைகள் சொந்தமாகவே நிலையம் வைத்திருக்கின்றன.

வேலை நடக்கும் விதம் இதுதான். பட்டறையில் இருந்து குழாய் வழியாக வரும் கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்கள் உள்ள தொட்டிகளில் விடுகிறார்கள். அவை ரசாயனக் கழிவைச் சிதைக்கின்றன. அடுத்து நிறத்தை எடுத்து, வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்துகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வந்துவிடும். மீதமாகும் கடும் உப்புநீரில் ஒரு பகுதி அப்படியே சாயம் ஏற்றும் தொட்டிக்கே திரும்பப் போகிறது. உப்பு எப்படியும் தேவைதானே! மற்றதை நீராவியால் கொதிக்கவைத்து, ஆவியைத் தண்ணீராகவும் உப்பைப் படிகமாகவும் பிரிக்கிறார்கள். வந்த தண்ணீரில் 90 சதவிகிதத்துக்கு மேல் மீண்டும் பட்டறைக்கே போகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 கோடி லிட்டர் இப்படி மறுசுழற்சி ஆகிறது என்பது தொழில்துறையினர் சொல்லும் கணக்கு.

இதில் இன்னொரு லாபம் உண்டு. ஒரு காலத்தில் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளில் இருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் அள்ளித்தான் திருப்பூர் சாயம் ஏற்றியது. நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கழிவைக் கொடுத்தது. இப்போது எடுத்த தண்ணீரே சுற்றிச் சுற்றி வருகிறது.

இன்னும் தீராத மூன்று சிக்கல்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

முதலாவது, மீதமாகும் கலப்பு உப்பு. சாயத்துக்குத் திரும்பப் பயன்படாத, பல உப்புகள் கலந்த கழிவு சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. மழை பட்டால் கரைந்து ஓடும் பொருள் என்பதால் கூரை போட்டுப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. ஆற்றுக்குப் போகாமல் தடுத்தாகிவிட்டது, எங்கே அனுப்புவது என்பதற்கு முழுமையான பதில் இல்லை.

இரண்டாவது, எரிசக்தி. உப்புநீரைக் கொதிக்கவைக்க விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆர்.ஓ. அழுத்தத்துக்கு மின்சாரம் வேண்டும். தண்ணீரைக் காப்பாற்ற, காற்றில் கரியைக் கூட்டுகிறோமா என்ற கேள்வி நியாயமானது. திருப்பூர் நிறுவனங்கள் காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் முதலீடு செய்திருப்பது ஓரளவு ஈடுகட்டுகிறது. 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டிருப்பதும் நல்ல விஷயம். ஆனால் கொதிகலனின் புகைக்கு அது முழுப் பதில் ஆகாது.

மூன்றாவது, இடம் மாறும் மாசு. திருப்பூரில் கெடுபிடி வந்ததும் சிலர் பக்கத்து மாவட்டங்களில் அனுமதி இல்லாமல் பட்டறை போட்டார்கள். வீட்டுக்குள்ளேயே பட்டன், ஜிப்புக்குச் சாயம் ஏற்றும் சின்னப் பட்டறைகளும் அவ்வப்போது பிடிபடுகின்றன. மழை பெய்யும் இரவில் வெள்ளத்தோடு கழிவைத் திறந்துவிடும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 13-ம் நூற்றாண்டில் பவானியையும் நொய்யலையும் இணைத்து வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டில் சாய, தோல் கழிவால் பட்ட பாட்டைக் கொங்கு மக்கள் அறிவார்கள். ஓர் ஊரில் மட்டும் விதி கடுமையாக இருந்தால், மாசு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடும்.

ஏற்கெனவே கெட்ட நிலம் தனிக் கதை. மண்ணுக்கும் பாறைக்கும் இடையே இறங்கிய உப்பு ஒரு மழையில் போகாது. பல மழைக்காலங்கள் நல்ல தண்ணீர் இறங்கினால்தான் கிணறு மெள்ள மெள்ள இனிக்கும்.

பில் யாருக்குப் போக வேண்டும்?

ஜீரோ டிஸ்சார்ஜ் செலவு பிடித்த முறை. அந்தச் செலவு திருப்பூர் டி-ஷர்ட்டின் விலையில் ஏறுகிறது. இந்த அளவுக்குக் கட்டாயம் இல்லாத நாடுகளின் டி-ஷர்ட்டோடு அது உலகச் சந்தையில் போட்டி போட வேண்டும். வங்கதேசத்துக்கு ஐரோப்பாவில் வரிச்சலுகை வேறு இருக்கிறது. 2025 ஜூலையில் இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது திருப்பூர் மகிழ்ந்தது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 27-ல், இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவின் 50 சதவிகித வரி அமலுக்கு வந்து ஆர்டர்களை உலுக்கியது. இப்படி நெருக்கடி வரும்போதெல்லாம், செலவைக் குறைக்க எங்கே கை வைப்பது என்ற கேள்வி வரும். வாடகையைக் குறைக்க முடியாது, நூல் விலையைக் குறைக்க முடியாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய்தான் முதலில் கண்ணில் படும்.

அதனால்தான் இது சாயப்பட்டறைக்காரரின் மனசாட்சியை மட்டும் நம்பி விட்டுவிடும் விஷயம் இல்லை. சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், அந்தச் சான்றிதழுக்கு ஆகும் செலவையும் விலையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பசுமை என்று விளம்பரம் செய்துவிட்டு, கடந்த ஆண்டைவிட ஐந்து சென்ட் குறைத்துக் கொடு என்று பேரம் பேசினால், அந்த ஐந்து சென்ட்டை கடைசியில் ஏதோ ஓர் ஆறுதான் கொடுக்கும். எல்லா மாநிலத்துக்கும், எல்லா ஊருக்கும் ஒரே விதி என்பதை அரசுகள் உறுதிசெய்தால், நேர்மையாகச் செய்பவர் நஷ்டப்பட மாட்டார்.

வாங்குபவர்களுக்கும் பங்கு இருக்கிறது. சாயம் ஏற்றும்போதே அதிகம் உப்பு கேட்பது அடர் நிறங்கள்தான். மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும் மலிவு டி-ஷர்ட் நான்கு வாங்குவதற்குப் பதில், இரண்டு ஆண்டுகள் உழைக்கும் ஒன்றை வாங்கினால், அந்த உப்பில் பெரும்பகுதி தேவையே படாது.

நொய்யல் கதையில் செலவு இல்லாமல் இருந்த நாள் என்று ஒன்று கிடையாது. முதலில் அதை விவசாயி கட்டினார், கிணறாகவும் மண்ணாகவும். பிறகு தொழிலாளி கட்டினார், வேலை இழந்து. இப்போது பட்டறைகள் கட்டுகின்றன, மின் கட்டணமாகவும் கடன் தவணையாகவும். டி-ஷர்ட்டை விற்று அதிக லாபம் பார்ப்பவர்களும் அதை அணிபவர்களும் தங்கள் பங்கைக் கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான், திருப்பூர் வளர்வதற்கும் நொய்யல் பிழைப்பதற்கும் இடையிலான இந்தச் சண்டை ஓயும்.